நோவு என்னும் காவல்

மெய், வாய், கண், மூக்கு, செவி எனப் புலன்களை எண்ணும் தமிழ் மரபு மெய்யையே முதலில் வைக்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் தொகையால் வகுக்குமிடத்து, புல்லுக்கும் மரத்துக்கும் உரிய ஓரறிவாகக் கொள்வதும் தொடுவுணர்வையே. ஏனைய புலன்கள் ஒவ்வொன்றாக அதன்மேல் வந்து சேர்கின்றன. எனினும் நாம் மிகக் குறைவாக எண்ணிப்பார்ப்பது இப்புலனைத்தான். பார்வை இழந்தவரைக் கண்டால் அவருடைய இழப்பை உடனே உணர்கிறோம். செவிப்புலன் அற்றவரின் நிலையையும் ஒருவாறு ஊகிக்கிறோம். தொடுவுணர்வை இழந்தவர் நம் எதிரே அமர்ந்திருந்தாலும் அது நமக்குத் தெரிவதில்லை. சில வேளைகளில் அவருக்கே தெரிவதில்லை.

இவ்வறியாமைக்கு மனிதர் கொடுத்த விலை பெரிது. தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்னும் எண்ணம் பல நூற்றாண்டுகளாக மக்கள் உள்ளத்தில் வேரூன்றி நின்றது. அவர்களை ஊருக்குப் புறம்பே தள்ளியதில் அவ்வெண்ணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நம் பிரசங்கங்களிலும் அது உவமையாக இடம்பெற்றது. நாமும் அவ்வாறு பேசியதுண்டு. அந்த உவமை மருத்துவ உண்மைக்கு மாறானது என்பதை நம் நாட்டிலேயே, செங்கல்பட்டிலும் வேலூரிலும், ஓர் அறுவை மருத்துவர் கண்டு காட்டினார். அதனைச் செவ்வனே விளங்கிக்கொள்ள, உடல் எவ்வாறு உணர்கிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். எனவே தொடுதல், வெப்பம், அசைவு, நோவு ஆகிய நால்வகை உணர்வுகளை முறையே நோக்கி, அவை இழக்கப்படும்போது நேர்வது யாது, அதனால் நமக்கு விளையும் கடமை யாது என்பவற்றைப் பின்னர் காண்போம்.

1. தொடுதல்

தொடுவுணர்வு என்று ஒரே பெயரால் வழங்கினும் அது ஒன்றன்று, பல. தோலினுள் வெவ்வேறு வடிவுடைய நரம்பு முனைகள் வெவ்வேறு ஆழத்தில் அமைந்துள்ளன. அவற்றைக் கண்டறிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞரின் பெயர்களாலேயே அவை வழங்குகின்றன. மெர்க்கெல் முனைகள் ஒரு பொருளின் விளிம்பையும் நுண்ணிய வடிவத்தையும் அறிகின்றன. மைஸ்னர் முனைகள் பொருள் கையினின்று வழுவும்போது எழும் மெல்லிய அதிர்வை அறிகின்றன. கண்ணாடிக் குவளை நழுவத் தொடங்கும் கணத்தில் நாம் அறியாமலே பிடி இறுகுவது இவற்றால்தான். ஆழத்தில் வெங்காயம்போல் அடுக்கடுக்கான உறைகளுடன் கிடக்கும் பசீனி முனைகள், விநாடிக்கு ஏறத்தாழ 250 முறை நிகழும் விரைவான அதிர்வையும் உணரவல்லன. ரூஃபினி முனைகள் தோல் இழுபடுவதை அறிகின்றன.

இம்முனைகள் உடலெங்கும் ஒரே அளவில் பரவியிருக்கவில்லை. ஒரு கவராயத்தின் இரு முனைகளையும் விரல் நுனியில் மெல்ல வைத்துப் பார்ப்போமாயின், அவற்றின் இடைவெளி 2 அல்லது 3 மில்லிமீட்டராக இருப்பினும் அவை இரண்டு என்று அறிகிறோம். முதுகிலோ, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலன்றி அவை ஒன்றாகவே தோன்றும். பார்வையற்றோர் பிரெயில் எழுத்தை விரல் நுனியால் படிப்பதன் காரணம் இதுவே. மூளையிலும் இவ்வேற்றத்தாழ்வு காணப்படுகிறது. கனடாவின் மான்ட்ரியலில் அறுவை செய்த வைல்டர் பென்ஃபீல்டு, 1937-இல் மூளையின் மேற்பரப்பில் உடலின் உணர்வுப் படத்தை வரைந்து காட்டினார். அப்படத்தில் கைக்கும் உதட்டுக்கும் உரிய இடம் முதுகு முழுவதற்கும் உரிய இடத்தினும் பெரிது.

இம்முனைகளிலிருந்து புறப்படும் செய்தி எத்தகையது? நரம்பிழை வழியே செல்வது சிறு மின்துடிப்பே. ஓர் இழையில் செல்லும் துடிப்புகள் அனைத்தும் ஒரே அளவின. அழுத்தம் மிகுந்தால் துடிப்பு பெரிதாவதில்லை, அடிக்கடி நிகழ்கிறது. இதனை ஆங்கில அறிஞர் எட்கர் ஏட்ரியன் 1920-களில் நிறுவி, 1932-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தொடர்ந்த அழுத்தம் மாறாதிருந்தால் பல முனைகள் தம் துடிப்பைக் குறைத்துவிடுகின்றன என்பதும் அவரது ஆய்வில் புலப்பட்டது. சட்டையை அணியும்போது அதன் தொடுகையை உணரும் நாம் சற்று நேரத்தில் அதனை மறந்துவிடுவதற்கு இது ஒரு காரணமாகும். உடல் பெரிதும் நாடுவது மாற்றத்தின் செய்தியையே.

2. வெப்பமும் குளிர்ச்சியும்

சுவீடன் நாட்டு அறிஞர் மாக்னஸ் பிளிக்ஸ், தோலில் வெப்பத்தை உணரும் புள்ளிகளும் குளிர்ச்சியை உணரும் புள்ளிகளும் தனித்தனியே உள்ளன என்று 1880-களின் தொடக்கத்தில் கண்டார். எனினும் தோல் ஒரு வெப்பமானி அன்று. ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்நீரிலும் சிறிது நேரம் வைத்து, பின்னர் இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் இட்டால், அதே நீர் ஒரு கைக்குக் குளிராகவும் மறு கைக்குச் சூடாகவும் தோன்றும். அதுபோன்றே ஒரே அறையிலுள்ள எவர்சில்வர் தம்ளர் மரப்பலகையினும் குளிர்ந்ததாகத் தோன்றுகிறது. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. ஆயினும் உலோகம் நம் கையின் வெப்பத்தை விரைந்து கவர்ந்துகொள்கிறது. தோல் உணர்வது அந்த இழப்பையே.

மிளகாய் நறுக்கிய கை எரிவதை இல்லத்தில் யாவரும் அறிவர். அங்கே நெருப்பு இல்லை. எனினும் நெருப்பின் உணர்வு உண்டு. இதன் காரணத்தை ஆராய்ந்த டேவிட் ஜூலியஸ், மிளகாயின் காரப்பொருளாகிய கேப்சைசின் எந்த நுண்வாயிலைத் திறக்கிறதோ, அதே வாயிலைத்தான் ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் திறக்கிறது என்று 1997-இல் காட்டினார். நரம்பு முனையின் சவ்விலுள்ள புரதமே அவ்வாயில். அது திறந்தவுடன் மின்னூட்டமுள்ள அணுக்கள் உட்புகுந்து துடிப்பு தோன்றுகிறது. எதனால் திறந்தது என்று நரம்பு வினவுவதில்லை. 'சுடுகிறது' என்றே அறிவிக்கிறது. புதினாவிலுள்ள மென்தால் இவ்வாறே குளிர்ச்சிக்குரிய மற்றொரு வாயிலைத் திறக்கிறது. இது 2002-இல் அறியப்பட்டது.

3. அசைவு

கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியை விரலால் தொடுவது எளிது. விரல் எங்கே, மூக்கு எங்கே என்று நமக்கு அறிவிப்பது எது? ஆங்கில உடலியலார் சார்லஸ் ஷெரிங்டன் 1906-இல் இவ்வுணர்வுக்குத் தனிப்பெயர் சூட்டினார். அதனை நாம் 'தன்னிலை உணர்வு' எனலாம். தசைகளினுள் கதிர்வடிவ முனைகள் தசையின் நீட்சியை அளக்கின்றன. தசைநாண்களில் உள்ள முனைகள் இழுவிசையை அளக்கின்றன. மூட்டுகளும் தோலும் துணைசெய்கின்றன. உட்செவி தலையின் சாய்வை அறிவிக்கிறது. இவையனைத்தும் இடைவிடாது பணிபுரிவதாலேயே நாம் நினையாமல் நடக்கிறோம், நிற்கிறோம், எழுதுகிறோம்.

இதன் அருமை இழப்பிலேயே புலனாகும். இங்கிலாந்தில் 1971-இல் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் காய்ச்சலுற்றபின், கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும் தன்னிலை உணர்வையும் முற்றிலும் இழந்தார். தசைகளில் வலிமை குன்றவில்லை. நோவும் வெப்பமும் தெரிந்தன. ஆயினும் தம் கையும் காலும் எங்கே உள்ளன என்பதை அவர் அறியார். கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் எண்ணி எண்ணிச் செய்து, நெடுங்காலப் பயிற்சிக்குப்பின் மீண்டும் நடந்தார். விளக்கு அணைந்தால் நிலைகுலைந்து விழுவார். தொடுதலும் அசைவும் ஒருவகை இழைகளிலும், நோவும் வெப்பமும் வேறுவகை இழைகளிலும் செல்வதற்கு இவ்வரலாறு தெளிவான சான்றாகும்.

அழுத்தத்தால் திறக்கும் நுண்வாயில்களை ஆர்டெம் பட்டபூட்டியனும் அவரோடு உழைத்தோரும் 2010-இல் கண்டறிந்து, 'அழுத்து' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் 'பீசோ' எனப் பெயரிட்டனர். அவற்றுள் இரண்டாம் வகை, மெல்லிய தொடுகைக்கும் தன்னிலை உணர்வுக்கும் இன்றியமையாதது எனப் பின்னர் தெளிந்தது. ஜூலியசும் பட்டபூட்டியனும் 2021-இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

4. நோவு

கல்லில் கால்விரல் இடறினால் முதலில் 'சுருக்' என்று ஒரு கூரிய நோவு; சற்றே கழித்து எரிச்சலுடன் கூடிய மந்தமான நோவு. இவ்விரண்டும் இருவகை இழைகளின் வழியே வருவன. முதலாவது மெல்லிய கொழுப்புறையுடைய இழையில் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை விரைகிறது. இரண்டாவது உறையற்ற இழையில் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டரே ஊர்ந்து வருகிறது. முதலாவது காலை இழுக்கச் செய்கிறது. இரண்டாவது அக்காலைப் பேணச் செய்கிறது. சுடும் பாத்திரத்தில் பட்ட கை, மூளை அறியுமுன்னரே தண்டுவடத்தின் கட்டளையால் பின்னிழுக்கப்படுகிறது.

அடிபட்ட குழந்தையின் முழங்காலைத் தாய் தடவிக்கொடுத்தால் நோவு தணிகிறது. இது வெறும் தேற்றரவு அன்று. ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இருவர் 1965-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, தண்டுவடத்தில் ஒருவகை வாசற்கதவு உண்டு. தொடுகையின் செய்தி வந்து சேரும்போது நோவின் செய்தி ஓரளவு தடுக்கப்படுகிறது. மூளையும் மேலிருந்து அக்கதவைச் சாத்தவோ திறக்கவோ கூடும். இக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தம் பெற்றன. அடிப்படைக் கருத்து நிலைத்துள்ளது. எனவே காயத்தின் அளவும் நோவின் அளவும் ஒன்றல்ல. இரண்டாம் உலகப்போரில் கடுங்காயமுற்ற வீரர்களுள் பெரும்பாலோர் நோவு தணிக்கும் மருந்து வேண்டா என்றதை ஹென்றி பீச்சர் என்னும் மருத்துவர் 1946-இல் எழுதினார். மாறாக, வெட்டி நீக்கப்பட்ட காலில் நோவு காண்போரும் உண்டு.

நோவே இல்லாதிருப்பின் நலமன்றோ என்று சிலர் எண்ணலாம். பாகிஸ்தானின் வடபகுதியைச் சேர்ந்த சில குடும்பங்களில் பிறவியிலேயே நோவறியாத சிறுவர்களைப்பற்றி 2006-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களிடம் ஒரே ஒரு மரபணு பழுதுற்றிருந்தது. ஆய்வாளரின் கவனத்தை முதலில் ஈர்த்த சிறுவன், கத்தியைக் கையில் குத்தியும் தணலில் நடந்தும் தெருவில் வித்தை காட்டி வந்தவன். பதினான்கு வயது நிறையுமுன், கூரையிலிருந்து குதித்து இறந்தான். மற்றச் சிறுவர்களின் உதடுகளிலும் நாவிலும் அவர்களே கடித்த காயங்கள் இருந்தன.

5. உணர்விழந்த கை

இனித் தொழுநோய்க்கு வருவோம். அதன் கிருமியை நார்வே நாட்டு ஆர்மவர் ஹான்சன் 1873-இல் கண்டார். இக்கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. ஆதலின் தோலுக்கு அண்மையில் ஓடும் நரம்புகளை, சிறப்பாக முழங்கை, முழங்கால், கணுக்கால், முகம் ஆகிய இடங்களில், தாக்குகிறது. நரம்பு சிதையும்போது அதன் ஆளுகைக்குட்பட்ட இடத்தில் வெப்பம், நோவு, தொடுகை யாவும் மறைகின்றன. சில தசைகளும் செயலிழக்க, விரல்கள் மடங்குகின்றன. ஆனால் விரல் ஏன் குறைகிறது?

கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் இராபர்ட் காக்ரேனைக் காணச் சென்றார். மடங்கிய விரல்களையுடைய ஒருவரிடம், தம் கையைப் பற்றி அழுத்துமாறு கூறினார். வலிமையற்ற பிடியையே எதிர்பார்த்தார். அம்மனிதரோ நகம் பதியுமாறு, நோவு தாளாதபடி இறுக்கிவிட்டார். செயலற்றது எனக் கருதப்பட்ட அக்கையில் நல்ல தசைகள் இருந்தன. அவரிடம் இல்லாதது, 'போதும்' என்று அறிவிக்கும் உணர்வே. அந்நாள் முதற்கொண்டு பிராண்டு தம் ஆய்வைத் தொடங்கினார். நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையையும் உருவாக்கினார்.

காயங்களின் காரணத்தை அவர் ஒவ்வொன்றாகத் தேடினார். துருவேறிய பூட்டில் சிக்கிய திறவுகோலை ஒரு சிறுவன் வெறுங்கையால் திருப்பித் திறந்தான். விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது, அவனோ அறியான். நெருப்பில் விழுந்த உணவைக் கையால் எடுத்தோரும், சூடான குவளையை விடாது பிடித்திருந்தோரும் இருந்தனர். இரவில் எவ்விதக் காரணமுமின்றி விரலின் பகுதி குறைவதாகச் சிலர் முறையிட்டபோது, கண்விழித்துக் காவலிருந்து பார்த்தனர். உறங்குவோரின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடித்துக்கொண்டிருந்தன. அதன்பின் நோயாளருக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. தசை தானே அழுகவில்லை. நாள்தோறும் நேரும் சிறு காயங்களும் அவற்றில் ஏறும் சீழுமே எலும்பைக் கரைத்து விரலைக் குறுக்கின. காயத்தைத் தடுத்தால் விரல் நிலைக்கும். மெத்தென்ற நுண்துளை இரப்பரால் செய்த செருப்பு, மரப்பிடியிட்ட கருவிகள், நாள்தோறும் கையையும் காலையும் கண்ணால் சோதிக்கும் வழக்கம் ஆகியவை இவ்வறிவின் கனிகளாம்.

பிராண்டு 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்விழந்த கைக்குச் செயற்கை நோவை அமைக்க அங்கே பல ஆண்டுகள் முயன்றார். அழுத்தம் மிகுந்தால் முதலில் ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்கை அளித்தனர்; நோயாளர் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் மின்அதிர்ச்சியைப் பயன்படுத்தினர். கடினமான வேலை வரும்போது நோயாளர் கருவியை நிறுத்திவிட்டு, வேலை முடிந்தபின் மீண்டும் இயக்கிக்கொண்டனர். முயற்சி கைவிடப்பட்டது. நோவு காவலாக இருக்கவேண்டுமாயின், அது நம் விருப்பத்தால் அணைக்கக்கூடியதாக இருத்தல் ஆகாது என்னும் பாடமே எஞ்சியது. பிராண்டு 2003-இல் மறைந்தார்.

6. வேதாகமச் சொல்லைப்பற்றி ஒரு குறிப்பு

லேவியராகமம் 13, 14 ஆம் அதிகாரங்களில் வரும் எபிரேயச் சொல் 'சாராஅத்'. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனைக் குஷ்டம் எனக் கூறுகிறது. பின்வந்த மொழிபெயர்ப்புகளில் தொழுநோய் என்னும் சொல்லும் இடம்பெறுகிறது. அச்சொல் மனிதர் தோலுக்கு மட்டுமன்றி ஆடைக்கும் வீட்டுச் சுவருக்கும் ஆளப்படுகிறது. அங்கே கூறப்படும் அடையாளங்கள் நிறமாற்றம், மயிர் வெளுத்தல், படர்தல் போன்றவை. உணர்விழப்பு அவற்றுள் இல்லை. இக்காலத் தொழுநோயின் தலையாய அடையாளமோ உணர்விழந்த படையே. ஆதலின் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு பேசுவது பொருந்தாது. அவ்வாறு பேசும்போது, ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவரின்மேல் நாம் அறியாமலே தீர்ப்புரைக்கிறோம்.

7. நம் கடமை

தொழுநோய்க்குரிய கூட்டு மருந்து முறையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. நோய் குணமாகிறது, மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நாட்டளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை இந்தியா 2005-இன் இறுதியில் எட்டியது. எனினும் உலகின் புதிய நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. மருந்து கிருமியைக் கொல்லும். சிதைந்துபோன நரம்பை மீட்டுத்தராது. ஆகவே வெளிறிய அல்லது சிவந்த, தொட்டால் உணர்வற்ற படை யாரிடமேனும் காணப்படின், வெட்கத்தால் மறைக்கவிடாது உடனே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்குரிய விவாகரத்துச் சட்டம் உள்ளிட்ட சட்டங்களிலிருந்து, தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டிய பிரிவு 2019-இல் நீக்கப்பட்டது. சட்டத்தினின்று நீங்கிய சொல் நம் பேச்சினின்றும் நீங்குதல் வேண்டும்.

இன்று உணர்விழந்த கால்களை நாம் மிகுதியாகக் காண்பது நீரிழிவு நோயாளரிடத்திலாகும். சர்க்கரை மிகுந்து நெடுங்காலம் சென்றால் நீண்ட நரம்புகளின் நுனிகள் முதலில் பழுதுறுகின்றன, பாதம் உணர்விழக்கிறது. காலணியினுள் கிடக்கும் சிறுகல்லும், வெயிலில் காய்ந்த தரையும் அவருக்குத் தெரிவதில்லை. வெறுங்காலோடு நடந்து வேண்டுதல் நிறைவேற்ற விரும்பும் அவருக்கும், ஆலய வாசலில் செருப்பைக் கழற்றும் அவருக்கும், பாதத்தை நாள்தோறும் பார்க்குமாறு எடுத்துரைப்பது சிறிய பணியன்று. வேலூரிலும் கார்வில்லிலும் தொழுநோயாளரிடம் கற்ற பாடமே இவருக்கும் பயன்படுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நோவு ஓர் ஈவு என்று பிராண்டு எழுதியதை மேற்கோள் காட்டி, நோவினால் துடிப்பவரிடம் அதனை உரைப்பது கொடுமையாகும். புற்றுநோயின் நோவும், காயம் ஆறியபின்னும் ஓயாது நீடிக்கும் நரம்பு நோவும் எவரையும் காப்பதில்லை. பகைவன் போனபின்னும் மணியடித்துக்கொண்டேயிருக்கும் காவலனை ஒத்தவை அவை. அவற்றைத் தணிப்பதே மருத்துவத்தின் கடன். நோவு ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையின் விளக்கத்தில், தமக்கு நோவு உண்டு என்று ஒருவர் கூறுவதை மதித்தல் வேண்டும் என்று வலியுறுத்தியுள்ளது. 'மருத்துவர் ஒன்றும் இல்லை என்றாரே' என மறுமொழி கூறுமுன் நாம் இதனை நினைத்தல் நலம்.

இறுதியாக ஒன்று. மெல்லத் தடவும் தொடுகைக்கென்றே மயிருடைய தோலில் தனி இழைகள் உள்ளன என்று சுவீடன் ஆய்வாளர்கள் 1990-களில் கண்டனர். அவை மிக மெதுவாகச் செய்தி செலுத்துவன. பொருளின் வடிவையோ விளிம்பையோ அவை அறிவிப்பதில்லை. அன்போடு தொடப்படுகிறோம் என்னும் இன்ப உணர்வை எழுப்புகின்றன. கையிலும் காலிலும் உணர்விழந்தவருக்குத் தோளிலும் முதுகிலும் பெரும்பாலும் உணர்வு எஞ்சியிருக்கும். அவரைச் சந்திக்கச் செல்லும்போது தொலைவில் நின்று வாழ்த்தித் திரும்பாமல், அருகே அமர்ந்து தோளில் கை வைப்போமாயின், அவருடைய உடல் அதனை அறியும்.